எந்த நொடியில் நிற்கிறது என்று பாருங்கள்

மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மதுரைப் பட்டறைகளில் இந்த வண்டிக்காரர்களிடமிருந்து அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு: "ஸ்டார்ட் ஆகுதுண்ணே, உடனே ஆஃப் ஆயிருது."

இதைக் கேட்டதும் பிளக், காயில், பம்ப் என்று வரிசையாக மாற்றத் தொடங்குவது காசைக் கரைக்கும் வேலை. ஸ்டார்ட் ஆகிறது என்றாலே பேட்டரியும் ஸ்டார்ட்டரும் தப்பித்தன. கம்ப்ரஷனும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மிச்சம் பெட்ரோல், காற்று, ஸ்பார்க். மூன்றில் எதில் கோளாறு என்பதை இன்ஜின் நிற்கும் நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

சாவியை விட்ட நொடியிலேயே நின்றால் கரண்டைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலுக்கு பேட்டரி கரண்ட் நேராகப் போகும். சாவி 'ஆன்' நிலைக்குத் திரும்பியதும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும். அந்த ரெசிஸ்டர் எரிந்திருந்தாலோ, இக்னிஷன் ஸ்விட்ச் தேய்ந்திருந்தாலோ இன்ஜின் பிடித்த கையோடு அணையும். டெஸ்ட் லேம்ப் ஒன்று போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது என்றால் கதை வேறு. கார்பரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்துப் பாருங்கள். சூடான பிறகும் சோக்கில் மட்டுமே ஓடினால் பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது காற்று கூடுதலாக நுழைகிறது. ஸ்லோ ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கலாம். 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ மாருதியில் இதே அறிகுறிக்கு, ஐட்லிங் வால்வில் படிந்த கரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கொஞ்ச தூரம் நன்றாக ஓடி நிற்பதுதான் ஆளை அலைக்கழிக்கும். என்னிடம் இருந்த கார்பரேட்டர் மாருதி மாட்டுத்தாவணியில் கிளம்பி ஒத்தக்கடை தாண்டுவதற்குள் அணையும். சற்று ஓரங்கட்டினால் மறுபடி ஓடும். ஒரு மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று 'புஸ்' என்று உள்ளே போனது. மூடியின் காற்றுத் துளை அடைபட்டு, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் தவித்திருக்கிறது. மூடியைக் கழுவியதோடு சரியாயிற்று.

மூடியைத் திறந்தும் பலனில்லை, வெயிலும் கொளுத்துகிறது என்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், இன்ஜினை ஒட்டிய பம்ப்பின் சூடு அதைவிட மிகவும் அதிகம். அம்பாசடர் டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவது இதற்காகத்தான். துணியில் சரியாகாமல், நின்ற நேரத்தில் பிளக்கில் ஸ்பார்க்கும் இல்லையென்றால் சூட்டில் கைவிடும் காயில்தான் குற்றவாளி. வண்டி ஆறுவதற்குள் சோதிக்க வேண்டும். ஆறிய காயில் நல்லபிள்ளையாக வேலை செய்யும்.

டீசல் அம்பாசடரும் ஜீப்பும் ஸ்டார்ட் ஆகி நின்றால் 'ஏர் பிடிச்சிருச்சு' என்பார்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஃபில்டரில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பம்ப்பை அடிக்க வேண்டும். ஆனால் காற்று நுழைந்த வாஷரையும் ஹோஸையும் மாற்றாவிட்டால் மறுநாளும் அதே வேலைதான்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும். உதிரும் துணுக்கு ஜெட்டில் போய் உட்காரும். 1990-களின் வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.