முதலில் தாயக்கட்டையை உருட்டுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டை வடிவமைக்க ஆசையா? 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ புகழாக்கிய இருபது பக்கப் பகடையை ஆர்டர் போடும் முன், பரணில் கிடக்கும் தாயக்கட்டையை எடுங்கள்.

இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கம். விழும் விதம் மொத்தம் 16. மூன்று விழ 4 வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஒன்று எனும் தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கும், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. அரிதாக விழும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்குத்தான் மறுஆட்டம். இந்த விதியைப் போட்டவர் கணக்குத் தெரிந்த ஆள்.

ஒரு குறையும் உண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டில் ஒரு வாய்ப்புதான். பத்து முறை உருட்டியும் விழாமல் போவது நூற்றுக்கு 26 தடவை. கூடத்தில் அத்தைமாரோடு பேசிக்கொண்டே ஆடினால் அது உறைக்காது. கதை ஆட வந்தவர் போனை எடுத்துவிடுவார்.

ஆகவே எந்த உருட்டலும் வீணாகக் கூடாது. 2010இல் வந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ இரண்டு ஆறுபக்கப் பகடையில் இதைச் செய்தது: 10, அதற்கு மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றிதான், ஆனால் ஒரு விலை உண்டு, அதற்குக் கீழே சிக்கல்.

நம்மூருக்குக் கொண்டுவருவோம். நீங்கள் பட்டாசு ஆலை போர்மேன். மேகம் கூடுகிறது, மேடையில் கம்பி மத்தாப்பு காய்கிறது. 5, 6, 12 விழுந்தால் எல்லாம் நனையாமல் உள்ளே. 3, 4 விழுந்தால் சரக்கு தப்பியது. ஆனால் அவசரத்தில் அறைக்கு அனுமதித்த அளவைத் தாண்டி அடுக்கியாயிற்று. அடுத்த காட்சி தானாகப் பிறந்துவிட்டது. 2 விழுந்தால் நனைந்தது. தாயம்? சின்ன எண்தானே என்று அதைத் தோல்வியில் வைத்துவிடாதீர்கள், நம்மூர்க் கை ஒத்துக்கொள்ளாது. வெற்றியில் சேர்த்தால் 16இல் 6 வெற்றி, 7 விலையோடு வெற்றி, 3 தோல்வி. ஆட்டம் நகரும்.

விளையாட்டு வடிவமைப்பு வேலை கேட்டுப் போகும்போது மினுமினுப்பான விளையாட்டுப் பெட்டியைவிட நூறு உருட்டலைக் குறித்த நோட்டும், ஒவ்வொரு விதியையும் ஏன் மாற்றினீர்கள் என்ற குறிப்பும் அதிகம் பேசும். பெட்டிக்கு அவசரப்படாதீர்கள். சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்? ஆனால் ஆப்செட்டில் நூறு அட்டை அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். இருபது ஆட்டம் வரை ஜெராக்ஸ் போதும். பிளேட் போட்ட பிறகு விதியைத் திருத்தினால் மறுபடியும் பிளேட் காசு.