பந்தயத் திடலில் ஒரு வார இறுதி: நடமாட்டம் குறைந்தோருக்கான ஆயத்தங்கள்

மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் சேரும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீடு திரும்பிய பின் முதலில் எங்கே செல்ல விரும்புகிறீர்கள்? குலதெய்வக் கோயில், பேத்தியின் திருமண மண்டபம் என்பன வழக்கமான விடைகள். சில இளைஞர்களும், பட்டறைகளிலும் வாகனத் தொழிற்சாலைகளிலும் பணிபுரிந்த சில மூத்தவர்களும் வேறொரு விடை தருகின்றனர்: இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்று கார் பந்தயம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நோயாளி சொல்லி முடிக்கும் முன்பே உடனிருக்கும் உறவினர் குறுக்கிடுகிறார்: "இந்த நிலைமையில அங்கெல்லாம் எதுக்குப்பா? டி.வி.யில பாத்துக்கலாம்."

நாங்கள் அவ்விருப்பத்தை அப்படியே சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு மாறுதல், பல மணி நேரம் தோலுக்குக் கேடின்றி அமர்ந்திருத்தல், நேரம் தவறாமல் சிறுநீர் கழித்தல், அறியாதவரிடம் உதவி கேட்டல் என நாங்கள் வாரக்கணக்கில் கற்பிக்கும் அனைத்தும் அந்த ஒரே பயணத்தில் பயன்படுகின்றன. மேலும், இவ்விளையாட்டு சக்கர நாற்காலிக்குப் புதிதன்று. 1986-இல் கார் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் சேதமுற்ற பிராங்க் வில்லியம்ஸ், அதன் பின்னர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தம் ஃபார்முலா ஒன் அணியை 7 முறை தயாரிப்பாளர் பட்டம் வெல்லச் செய்தார். 2001-இல் இரு கால்களையும் இழந்த அலெக்ஸ் சனார்டி மீண்டும் காரோட்டிப் பந்தயங்களில் வென்றதோடு, 2012 பாராலிம்பிக்கில் கைமிதிவண்டியில் தங்கமும் பெற்றார். பார்வையாளராகச் செல்வது அவற்றைவிட எளிதுதான். ஆயினும் ஆயத்தமின்றிச் செல்லத்தக்கதன்று.

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் தோன்றியது. முன்னர் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் கண்டவர்கள் இன்றும் எங்கள் முதியோர் பிரிவுக்கு வருகின்றனர். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். எங்கு நின்றாலும் தடத்தின் ஒரு பகுதியைத்தான் காண இயலும். ஆகவே ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவர் பிறரைவிட அதிகமாக எதையும் இழப்பதில்லை. நிழலான ஓரிடத்தைத் தேர்ந்து, நாள் முழுவதும் அங்கேயே இருங்கள். பந்தயம் வழக்கமாகச் சனி, ஞாயிறு இரு நாட்களும் நடைபெறும். ஒரு நாள் மட்டும் செல்ல இயலுமாயின் சனிக்கிழமையைப் பரிந்துரைக்கிறோம். இறுதிப் போட்டிகளின் பரபரப்பு அன்று குறைவு; கூட்டமும் குறைவு; மறுநாள் முழுவதும் ஓய்வுக்குக் கிடைக்கும்.

முன்னதாகவே அமைப்பாளர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். "சக்கர நாற்காலிக்கு வசதி உண்டா?" என்று கேட்டால் "எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்னும் விடையே கிடைக்கும். அளவுகளைக் கேளுங்கள். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து பார்வையிடம் எத்தனை மீட்டர்? தரை தாரா, சரளைக்கல்லா? இடையில் எத்தனை படிகள்? கழிப்பறைக் கதவின் அகலம் என்ன? உங்கள் நாற்காலியின் அகலத்தை வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நாற்காலிகள் 60 முதல் 70 செ.மீ. வரை இருக்கும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

கழிப்பறையைப் பற்றிய அச்சமே நாங்கள் காணும் மிகப் பெரிய ஆபத்துக்கு வித்திடுகிறது. வெளியூர்ப் பயணம் என்றதும் பலர் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்துவிடுகின்றனர். சென்னை வெயிலில் இது மயக்கத்துக்கும், அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்றுக்கும் இட்டுச் செல்லும். வழக்கமான அளவு நீரைச் சிறிது சிறிதாகப் பருகுங்கள். இதய அல்லது சிறுநீரக நோய்க்காக நீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுக் கதீட்டர் செலுத்திக்கொள்பவர்கள், வீட்டில் கடைப்பிடிக்கும் அதே நேரங்களைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்யுங்கள். தேவைப்படுவதைவிட இரண்டு கதீட்டர்கள் கூடுதலாக வையுங்கள். கழிப்பறை பயன்படாத நிலையில், காரின் பின்னிருக்கையும் சன்னலை மறைக்க ஒரு துண்டும் போதும்.

வெயிலைப் பொறுத்தவரை, தண்டுவடத்தில் உயரமான பகுதியில் காயமுற்றவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. உடல் வெப்பம் ஏறுவதை அவர்கள் உணரும் முன்பே தலை சுற்றக்கூடும். தெளிப்பான் பாட்டிலில் நீர் நிரப்பி முகத்திலும் கைகளிலும் தெளித்து விசிறுங்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையை அது செய்யும். சிறுநீர்ப்பைக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின், நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் ஆகியனவும் வியர்வையைக் குறைப்பவை. அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், நிழலில் இருங்கள்.

பராமரிப்பாளர்கள் அடுத்த பகுதியை இருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். பந்தயத் திடலில் இருவகைத் துன்பம் நேரலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை நேர் எதிரானவை. முகம் வெளிறி, கண் இருண்டு, தளர்ச்சியுடன் சாய்பவருக்கு இரத்த அழுத்தம் குறைந்திருக்கலாம். அவரை நிழலில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள், குளிர்வியுங்கள். ஆனால் மார்பின் ஆறாம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர் திடீரெனத் தலை இடிப்பதுபோல் வலிக்கிறது என்றால், முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தால், மூக்கடைத்தால், அது இரத்த அழுத்தம் அபாயகரமாக உயர்வதன் அறிகுறி. அவரை ஒருபோதும் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி அமர்த்தி, இடுப்புப் பட்டை, காலணி, இறுக்கமான ஆடை யாவற்றையும் தளர்த்துங்கள். பின்னர் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது நிரம்பிய சிறுநீர்ப்பை, அல்லது நாற்காலியின் சக்கரத்தருகே மடங்கிப்போன கதீட்டர்க் குழாய். காரணம் நீங்கிய சில நிமிடங்களில் வலி குறையாவிடில் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். இத்தகையோரின் வழக்கமான மேல் அழுத்தம் 100-ஐ ஒட்டியே இருப்பதால், 150 என்னும் எண்ணே அவர்களுக்கு அவசர நிலை. முதலுதவி மையத்தில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். வழக்கமான அழுத்தத்தையும் இந்நிலையின் பெயரையும் எழுதிய அட்டை ஒன்றை எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பெற்றுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோலைப் பற்றி: பந்தயத்தின் விறுவிறுப்பில் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்துவிடுவது இயல்பு. 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து, பிட்டத்தின் அழுத்தத்தைச் சுமார் 2 நிமிடம் விடுவிக்க வேண்டும். ஒரு கணம் கைகளை ஊன்றி எழும்புவது போதாது. இரத்தம் மீண்டும் பாய அந்த 2 நிமிடம் தேவை. சுற்றுகளை எண்ணிக்கொண்டு சாய்வது எளிது என்று எங்களுக்குக் கற்றுத்தந்தவர் ஒரு நோயாளியே. ஜெல் மெத்தையை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள். உணர்வற்ற தோலை அது சுட்டுவிடும். இரும்பு இருக்கைகளும் அவ்வாறே.

ஒலியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் எனக் கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பானது. பந்தய இயந்திரங்கள் அருகில் இதை எளிதில் கடக்கும். காதடைப்பான் அனைவருக்கும் வேண்டும். திடீர் ஒலியால் கால்களில் இறுக்கமும் துள்ளலும் மிகுபவர்கள் பாதப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கு வெயிலைவிட அன்பான கூட்டமே பெரிய இடர். படியைக் கண்டதும் நான்கு பேர் ஓடிவருவர். ஒருவர் செயலிழந்த கையைப் பற்றி இழுப்பார். தோள் மூட்டு நழுவ அதுவே போதும். "கையைத் தொடாதீங்க, இடுப்பு பெல்ட்டைப் பிடிங்க" என்று முன்கூட்டியே உரக்கச் சொல்லுங்கள். நாற்காலியோடு தூக்குவோர், கழன்றுவிடும் கைப்பிடியையும் கால்தாங்கியையும் பற்றாமல் சட்டகத்தைப் பற்ற வேண்டும். பார்கின்சன் நோயாளர்கள் மாத்திரை நேரத்தைப் பந்தய அட்டவணைக்காக மாற்றாதீர்கள். நெரிசலான வாயிலில் கால் உறைந்துபோகும் என்பதால், கூட்டம் கலையும் முன்போ முற்றும் கலைந்த பின்போ வெளியேறுங்கள்.

வீடு திரும்பிய இரவும் மறுநாள் காலையும் கைக்கண்ணாடி கொண்டு பிட்டம், வாலெலும்பு, குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடாகவோ தடித்தோ கருநீலமாகவோ உள்ளதா என விரலால் தடவிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத தடம் இருந்தால் அந்த இடத்தின் மீது அமர்வதை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமையே எங்கள் பிரிவுக்கு வாருங்கள்.