பட்டாளத்துத் தாத்தாவை எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பெரியவர் தவறிவிட்டால், கருமாதிக்குள் நினைவு மலர் ஒன்று போட்டுவிட வேண்டும் என்று இப்போது பேரப்பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்றால் வேலை கொஞ்சம் கடினம். பாதிக் கதை வீட்டில் யாருக்கும் தெரியாது. மீதிப் பாதி, சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கும். பேனாவை எடுக்குமுன் இவற்றைப் படித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தகரப் பெட்டியைத் திறங்கள். படையை விட்டு விலகிய சான்று, படை இலக்கம், படத்தின் பின்பக்கத்து எழுத்து எல்லாவற்றையும் அப்படியே பிரதி எடுங்கள். பட்டாளத்தில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருந்தால் மூன்றையும் எழுதுங்கள்.

2. படையின் பெயரை ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். இலங்கை இராணுவம் 1949 அக்டோபர் 10ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முன் இருந்தது வெள்ளைக்காரர் காலத்து இலங்கைப் பாதுகாப்புப் படை. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தோட்டத் துரைமாரின் ரைஃபிள் படை ஐரோப்பியருக்கானது. தாத்தா அதில் துப்பாக்கி பிடித்தார் என்று யாராவது சொன்னால், இன்னும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள்.

3. பதக்கம் இருந்தால் ரிப்பனைக் கவனியுங்கள். நடுவில் அகலச் சிவப்பும், இரு பக்கமும் கருநீலமும், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். பிரிட்டிஷ் படையினருக்கு இரண்டாம் உலகப் போரின் ஸ்டார்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். ஆகவே பதக்கம் பெட்டியில் கிடப்பது மட்டும் சாட்சி ஆகாது. காகிதமும் வேண்டும்.

4. சண்டையைப் பார்க்காதவருக்குச் சண்டை தேடிக் கொடுக்காதீர்கள். 1944 ஏப்ரலில் தளபதி மௌன்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். அது இயங்கியது பேராதனைப் பூங்காவில். கலஹாவிலிருந்து பஸ்ஸில் கண்டிக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைத்தான் தாண்டுகிறீர்கள். அப்படி ஒரு தலைமையகம் நடக்கச் சமைக்கவும், லொறி ஓட்டவும், மூட்டை தூக்கவும் ஆள் வேண்டும். தாத்தா லொறி ஓட்டியிருந்தால் "லொறி ஓட்டினார்" என்றே எழுதுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை.

5. ஊர்க்கதையை நாளோடு ஒத்துப் பாருங்கள். ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று. திருகோணமலையைத் தாக்கியது ஏப்ரல் 9. அதற்குப் பிறகு படையில் சேர்ந்தவரை அந்தக் குண்டுகளுக்குக் கீழே நிறுத்தாதீர்கள்.

6. 1948ஐத் தாண்டிக் குதிக்காதீர்கள். அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பட்டாளத்தில் உழைத்துவிட்டு வந்தவருக்கு எந்தப் பத்திரம் கிடைத்தது, எந்த ஆண்டு கிடைத்தது, அதுவரை என்ன பட்டார் என்று கேளுங்கள். தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போன தம்பி குடும்பம் இருந்தால் எழுதிப் போடுங்கள். இங்கே இல்லாத படம் கோத்தகிரியில் இருக்கக்கூடும்.

7. அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் நிரப்பாதீர்கள். "அந்த மூன்று வருடத்தைப் பற்றி அவர் பேசியதில்லை" என்பதும் எழுதத்தக்க ஒரு வரிதான். 1983 கலவரத்துக்குப் பிறகு சீருடைப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஏன் இறக்கினார் என்று தெரிந்தால் மட்டும் காரணம் சொல்லுங்கள்.

8. கண்டியிலுள்ள போர்க் கல்லறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். பிரிட்டிஷார், கிழக்காப்பிரிக்கர், இந்தியர், நம் நாட்டவர் எல்லாரும் அங்கே கிடக்கிறார்கள். கல்லில் இருப்பது பெயர், படை, இறந்த நாள் என்று சில வரிகள்தான். பலர் பேரப்பிள்ளை காணும் வயதுக்கு வரவே இல்லை. உங்கள் தாத்தா வந்தார். திரும்பி வந்த பிறகு அவர் வாழ்ந்த வருடங்களைக் கல் எழுதாது, பட்டாளத்துக் காகிதமும் எழுதாது. அதை எழுத உங்களை விட்டால் ஆளில்லை. மலரில் பாதிப் பக்கம் அதற்குத்தான்.

9. "பாசமானவர்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்தப் பாசம் எத்தனை மணிக்கு எழுந்து என்ன செய்தது என்று எழுதுங்கள். காலைப் பெரட்டுக்கு முன்னே எழுந்து கம்பளியை மூலைக்கு மூலை மடித்தாரா? மழையில் உங்களைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட்டாரா? சப்பாத்துக்குப் பாலிஷ் போடச் சொல்லிக் கொடுத்தாரா? பேரப்பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் எல்லாரும் மூத்தவன் சொன்னதையே சொல்வார்கள்.

10. எழுதியதைப் பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் "அப்படி இல்லடா" என்று குறுக்கிடும் இடங்களையெல்லாம் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு அச்சகத்துக்குப் போங்கள்.