அயல்நாடு செல்வோரும் பாங்கிக் கணக்கும்

குவைத், சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படும் வாலிபர்கள் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் காட்டும் கவனத்தைப் பாங்கிக் கணக்கில் காட்டுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின்படி, அத்தகையோர் தம் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் கூடாது. பாங்கிக்கு அறிவித்து, ‘என்.ஆர்.ஓ.’ கணக்காக மாற்றிக் கொள்ள வேண்டும். குத்தகை, நெல் விற்ற தொகை முதலிய உள்ளூர் வரவுகள் அதில் சேரும். வட்டிக்கு வருமான வரி உண்டு. அயல்நாட்டுச் சம்பளத்தை அனுப்பத் தனியே ‘என்.ஆர்.இ.’ கணக்குத் தொடங்குதல் நலம். அதன் வட்டிக்கு இங்கு வரியில்லை. பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லவும் இயலும்.

இனி கார்டு. இரகசிய எண்ணைக் கார்டின் உறையிலேயே எழுதித் தகப்பனாரிடம் கொடுத்துச் செல்வோரை எந்த ஊரிலும் காணலாம். உறை தொலைந்தால் பூட்டும் சாவியும் ஒருங்கே தொலைந்த கதைதான்! அவ்வாறு பறிபோன பணத்திற்குப் பாங்கி பொறுப்பேற்பதும் அரிது. தந்தைக்கோ மனைவிக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதே முறை. பாங்கியில் பதிந்த கைப்பேசி எண்ணும் உயிரோடிருக்க வேண்டும். அது செயலற்றுப் போனால் ஓ.டி.பி. வந்து சேராது.

விவசாயக் குடும்பத்தார் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். முன்பே உள்ள நிலத்தை மகன் வைத்துக் கொள்ளலாம். ஆனால் அயல்நாட்டில் வசிக்கும் வரை, தன் பெயரில் புதிதாக விளைநிலம் வாங்கச் சட்டம் இடந்தராது. ஊருக்குப் பணம் அனுப்பி நஞ்சைக்கு முன்பணம் கொடுக்குமுன் இதனை விசாரித்துக் கொள்க.