எனக்கு மகிழ்ச்சி, எனக்குக் கடினம்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆலய மண்டபத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்காக நடந்த ஆங்கில வகுப்பில் அடியேன் தொண்டூழியராகப் பணியாற்றி வந்தேன். அவ்வகுப்புக்குத் தவறாமல் வரும் ஓர் அம்மையார் ஒருநாள் முகம் வாடி அமர்ந்திருந்தார். பேரனின் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. மகனுக்கும் மருமகளுக்கும் விடுப்புக் கிடைக்காததால் இவரே சென்றிருக்கிறார். ஆசிரியை மடமடவென்று பேசியதில் பாதி விளங்கவில்லை. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, “டீச்சர், ஐ ஆம் டிஃபிகல்ட் டு அண்டர்ஸ்டாண்ட்” என்றாராம். ஆசிரியையோ, “நோ, நோ ஆன்ட்டி, யுவர் இங்கிலிஷ் இஸ் வெரி குட்” என்று அன்பாகச் சொல்லிவிட்டு, அதே வேகத்தில் பேச்சைத் தொடர்ந்தாராம்.

“எனக்குப் புரியலைன்னுதானே சார் சொன்னேன்? அதுல என்ன தப்பு?” என்று கேட்டார் அம்மையார்.

அவர் மனத்தில் இருந்தது ஒன்று, வாயில் வந்தது அதற்கு நேர் எதிரானது. அந்த ஆங்கில வாக்கியத்தின் பொருள், “நான் பேசுவதைப் பிறர் புரிந்துகொள்வது கடினம்” என்பதாகும். ஆசிரியை ஆறுதல் சொன்னதில் பிழையில்லை. பேரனின் கணிதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பாட்டிக்குத் தெரியாமலே போயிற்று.

இப்பிழை அவர் ஒருவருடையது அன்று. சிங்கப்பூரில் தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்ட கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதற்கு முன் தமிழ்வழி பயின்றோர், தமிழகத்திலிருந்து மணமுடித்து வந்தோர், வேலைக்காக வந்த தம்பிமார் என நம்மிடையே பலர் தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள். அப்படிப் பேசும்போது எங்கே கால் இடறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழில் “எனக்கு மகிழ்ச்சி” என்கிறோம். “எனக்குக் கடினம்” என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே “எனக்கு”. முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் “ஐ ஆம் ஹேப்பி” ஆகிறது. அப்படியானால் இரண்டாவது “ஐ ஆம் டிஃபிகல்ட்” என்றுதானே இருக்க வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது. கணக்கு நியாயமானதுதான். ஆனால் ஆங்கிலம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது: இந்தப் பண்பு எங்கே குடியிருக்கிறது? மகிழ்ச்சி என் நெஞ்சில் இருக்கிறது. கடினமோ என்னிடத்தில் இல்லை, செய்யவேண்டிய வேலையில் இருக்கிறது.

ஹேப்பி, கிளாட், சாரி, பிரவுட், ரெடி, வில்லிங், ஈகர் போன்ற சொற்கள் மனிதரின் மனநிலையைச் சொல்பவை. இவற்றை “ஐ ஆம்” என்று தொடங்கி, பின்னால் “டு” சேர்த்த வினையைப் போட்டால் போதும். “ஐ ஆம் ரெடி டு ஹெல்ப்”: உதவ ஆயத்தமாக இருக்கிறேன். “உதவ” என்ற நம் செய என்னும் வாய்பாட்டு எச்சம் அழகாகப் பொருந்திவிடுகிறது. சில இடங்களில் தமிழ் வேறு எச்சத்தை நாடும். “உங்கள் தந்தையாரைப் பற்றிக் கேள்விப்பட்டு வருந்தினேன்” என்பதை ஆங்கிலத்தில் “ஐ ஆம் சாரி டு ஹியர் எபவுட் யுவர் ஃபாதர்” என்கிறோம். கேள்விப்பட்டது முடிந்துபோன செயல். அதற்கும் “டு” வரலாம். இனிமேல் நடக்கப்போவதற்கு மட்டுமே “டு” என்று பலர் எண்ணிக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லத் தயங்குகிறார்கள்.

ஈஸி, டிஃபிகல்ட், ஹார்ட், இம்பாசிபிள் ஆகியவை வேலையின் தன்மையைச் சொல்பவை. இங்கே “இட் இஸ்” என்று தொடங்கி, நம் “எனக்கு” என்பதை “ஃபார் மீ” ஆக்க வேண்டும். “இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு அண்டர்ஸ்டாண்ட்.” அம்மையார் சொல்ல நினைத்தது இதைத்தான். “ஐ ஆம் இம்பாசிபிள் டு கம்” என்பதும் இதே வகைப் பிழை. “இட் இஸ் இம்பாசிபிள் ஃபார் மீ டு கம்” என்பதே சரி.

இந்த வேறுபாடு சாதாரணமானதன்று. மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி 1960களில், “ஜான் இஸ் ஈகர் டு பிளீஸ்”, “ஜான் இஸ் ஈஸி டு பிளீஸ்” என்ற இரு வாக்கியங்களை எடுத்துக்காட்டாக வைத்து வாதித்தார். தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். முதலாவதில் ஜான் பிறரை மகிழ்விக்கத் துடிக்கிறார். இரண்டாவதில் பிறர் ஜானை எளிதில் மகிழ்வித்துவிடலாம். அவருடைய துணைவியார் கேரல் சாம்ஸ்கி, 1969இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் கண் கட்டப்பட்ட ஒரு பொம்மையைக் காட்டி, “இந்தப் பொம்மை ஈஸி டு சீயா, ஹார்ட் டு சீயா?” என்று கேட்டார். பொம்மை கண்ணெதிரே இருக்கிறது. காண்பது எளிது. ஆயினும் சிறுபிள்ளைகள் பலர் “ஹார்ட் டு சீ” என்றார்கள். கண் கட்டியிருக்கிறதே, பொம்மைக்குப் பார்ப்பது கடினமல்லவா என்பது அவர்கள் எண்ணம். சற்று வளர்ந்த பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த குழந்தைகளே இதைக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்போது நம் பாட்டிமார் எதற்காக வெட்கப்பட வேண்டும்?

மருத்துவரிடம் போகும்போது இன்னொரு சொல்லைக் கவனிக்க வேண்டும். “அஃப்ரெய்ட்”. “ஐ ஆம் அஃப்ரெய்ட் டு டேக் திஸ் மெடிசின்” என்றால், பயத்தால் மருந்தை உட்கொள்ள மனம் வரவில்லை என்று பொருள். செய்வதும் விடுவதும் நம் கையில் இருக்கும்போது “டு”. கீழே விழுவதோ நம் விருப்பத்தால் நடப்பதன்று. அதை “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்” என்று சொல்ல வேண்டும். மூச்சுத் திணறலுக்கு “இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு பிரீத்” என்பது முறையான வாக்கியம். உண்மையிலேயே மூச்சு முட்டும்போது இலக்கணம் பார்க்க வேண்டாம். “கான்ட் பிரீத்” என்ற இரண்டு சொல் போதும்.

இனி நன்கொடையாளர்களுக்கு எழுதும் கடிதத்துக்கு வருவோம். அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகள் அளித்த அன்பர் ஒருவருக்கு இளைஞர் ஒருவர் நன்றிக் கடிதம் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். “இட் இஸ் வெரி குட் ஃபார் யூ டு டொனேட்” என்று அதில் இருந்தது. கொடுத்தால் உமக்கு நல்லது ஐயா என்று அவருக்கே உபதேசம் செய்வதாக ஆகிவிட்டது! நல்லவேளை, கடிதம் அஞ்சலில் சேரவில்லை. “ஃபார் யூ” என்றால் பயன் உங்களுக்கு. “ஆஃப் யூ” என்றால் குணம் உங்களுடையது. “இட் இஸ் வெரி குட் ஆஃப் யூ டு டொனேட்” என்று ஒரு சிறு சொல்லை மாற்றியதும் உபதேசம் நன்றியாயிற்று. கைண்ட், ஜெனரஸ், தாட்ஃபுல் எல்லாம் இப்படியே “ஆஃப் யூ” ஏற்கும். கேர்லெஸ், ஃபூலிஷ் போன்ற வசைச்சொற்களும் அவ்வாறே. அவற்றைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நலம்.

“டூ” என்ற நெடிலையும் “டு” என்ற குறிலையும் குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டும். “தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்” என்பதில் “இல்லை” என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் பொருள், குடிக்க முடியாத அளவு சூடு என்பது. நம்மவர் “வெரி” என்பதற்குப் பதிலாக “டூ” போடுவதுண்டு. பேத்தியை “ஷி இஸ் டூ கிளெவர்” என்று பெருமையாகச் சொன்னால், கெட்டிக்காரத்தனம் அளவு மீறிவிட்டது போலும் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். ஆனால் “ஐ ஆம் பிஸி டு கம்” என்னும் வாக்கியத்தில் இந்த நெடில் கட்டாயம் வேண்டும். “ஐ ஆம் டூ பிஸி டு கம்.”

வீட்டில் சொல்லிப் பார்க்க மூன்று: “எனக்குப் படி ஏறுவது கடினம்.” “ஆலயத்தைக் கண்டுபிடிப்பது எளிது.” “உங்களைச் சந்தித்ததில் எனக்கு மகிழ்ச்சி.” விடையைப் பார்க்காமல் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். “இட் இஸ் ஹார்ட் ஃபார் மீ டு கிளைம் தி ஸ்டேர்ஸ்.” “தி டெம்பிள் இஸ் ஈஸி டு ஃபைண்ட்.” “ஐ ஆம் கிளாட் டு மீட் யூ.” அந்த அம்மையார் அடுத்த சந்திப்புக்குச் செல்லுமுன் ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துச் சென்றது: “டீச்சர், இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு ஃபாலோ. பிளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.”