நம்பிக்கைகளும் உண்மைகளும்: சயாம் ஒரே காலையில் விலைபோகவில்லை

"சயாம்காரன் ஒரு குண்டுகூடச் சுடாம ஜப்பான்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அதனாலதான் நம்ம ஆளுங்க ரயில் போடப் போய்ச் செத்தாங்க." புக்கிட் ரோத்தான் கல்யாண வீட்டில் இதைக் கேட்டேன். ஈஜோக் கோயில் திருவிழாவில் கேட்டேன். அண்மையில் ஒரு பள்ளி விழா மேடையிலேயே ஒருவர் முழங்க, பிள்ளைகள் கைதட்டினார்கள். வரலாறு கற்பித்துச் சோறு தின்றவன் நான். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் அந்தக் குண்டு. 1941 டிசம்பர் 8 விடியலில் ஜப்பானியப் படை சிங்கோரா, பட்டாணி, நக்கோன் சி தம்மராட், சும்போன், பிரச்சுவாப் கிரி கான் என்று சயாமின் கடற்கரையில் பல இடங்களில் இறங்கியது. சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் எதிர்த்துச் சுட்டார்கள். சும்போனில் பள்ளி மாணவர் படையும் துப்பாக்கி தூக்கியது. காலையில் பாங்காக் சண்டையை நிறுத்தச் சொன்ன பிறகும், பிரச்சுவாப் விமானத் தளத்தில் இருந்தவர்கள் மறுநாள் நண்பகல்வரை விடவில்லை. டிசம்பர் 8 அன்றே நம் பேராக்கின் குரோவிலிருந்து எல்லை தாண்டிய பிரிட்டிஷாரின் பஞ்சாப் படைமீதும் பேத்தோங் சாலையில் சயாம் போலீஸ் சுட்டது. மறுநாள்வரை அந்தப் படையால் பேத்தோங்கை எட்ட முடியவில்லை. ஜப்பானியனையும் சுட்டு, பிரிட்டிஷ் படையையும் சுட்டவனைப் பார்த்து ஒரு குண்டும் சுடவில்லை என்று பேசுகிறோமே, ஒரு புத்தகத்தையாவது புரட்ட வேண்டாமா?

நடுநிலை நாடு போருக்குள் போவது ஒரே இரவில் நடப்பதில்லை. 1939 செப்டம்பரில் சயாம், அதாவது அப்போதுதான் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்ட நாடு, நடுநிலை என்று அறிவித்தது. 1940 ஜூன் 12 அன்று பிரிட்டனோடும் பிரான்ஸோடும் ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் போட்டது. அதே நாளில் ஜப்பானோடும் நட்பு ஒப்பந்தம் கண்டது. அந்த மாதமே பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. பிரதமர் பிபுன் சோங்கிராமுக்கு ஆசை வந்தது. முன்பு பிரெஞ்சுக்காரர் பிடுங்கிக்கொண்ட கம்போடிய, லாவோஸ் நிலங்களைத் திரும்பக் கேட்டார், எல்லையில் போரிட்டார். நடுவில் புகுந்து பஞ்சாயத்து பேசியது ஜப்பான். 1941 மே மாதம் தோக்கியோவில் கையெழுத்தாகி பத்தம்பாங் உள்ளிட்ட பகுதிகள் சயாமுக்குக் கிடைத்தன. என் கணக்கில் சயாமின் நடுநிலைக்குச் சவப்பெட்டி தயாரானது அங்கேதான். பஞ்சாயத்து பண்ணியவனுக்குக் கடன்பட்டவன் அப்புறம் எப்படி நடுநிலையாக நிற்பான்?

அப்படியும் பிபுன் பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும் உதவிக்கு உறுதி கேட்டுப் பார்த்தார். நம்பிக்கையான பதில் கிடைக்கவில்லை. பிரிட்டிஷாரும் யோக்கியர்கள் இல்லை. ஜப்பான் வருமுன் சிங்கோராவுக்குள் நுழைய 'மெட்டடோர்' என்ற திட்டத்தை வைத்திருந்தார்கள். நடுநிலையை முதலில் மீறிய பழி வருமே என்று தயங்கித் தயங்கிக் காலத்தைக் கோட்டை விட்டார்கள்.

டிசம்பர் 21 அன்று சயாம் ஜப்பானோடு கூட்டணி ஒப்பந்தம் செய்தது. போர் அறிவித்ததோ 1942 ஜனவரி 25 அன்றுதான். நம் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே கோலா சிலாங்கூர் கரைக்கு ஜப்பானியப் படகுகள் வந்துவிட்டன, கரையிலிருந்து பீரங்கி சுட்டது. ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. அதற்கும் இரண்டு வாரம் கழித்தே சயாம் போரை அறிவித்தது.

இதனால் சயாம் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. 1942 செப்டம்பரில் பர்மாவுக்கு அந்த ரயில் பாதை போட ஜப்பானோடு ஒப்பந்தம் செய்தது சயாம்தான். 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான் தூக்கிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டதும் சயாம்தான். முதல் நாளில் செய்யாத குற்றத்தை அதன் தலையில் கட்டி, பின்னால் செய்ததை நாம் மறந்துவிடுகிறோம். அதைவிட மோசம், நம் ஆட்களைப் பிடித்துப் போனது யார் என்ற கேள்வியே காணாமல் போகிறது.

பிடித்தது ஜப்பானிய ராணுவம். மலாக்கா நீரிணை வழியாகப் பர்மாவுக்குப் போகும் கப்பல்களை நேசநாட்டு நீர்மூழ்கிகள் மிரட்டின. அதனால் 415 கிலோமீட்டர் பாதையை அவசர அவசரமாகப் போட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் சனங்கள் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்ற காலம் அது. நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்றே மாதம் என்று ஆசை காட்டினார்கள். யாரும் வராதபோது லயத்தில் புகுந்து இழுத்துப் போனார்கள். விடியற்காலைப் பெரட்டில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்து, வேலைக்குப் பெயர் வாசிப்பதுபோலவே சயாமுக்கும் பெயர் வாசித்த தோட்டங்கள் உண்டு. உத்தரவு ஜப்பானியனுடையது. ஆளை அடையாளம் காட்டியது நம் கிராணியும் கங்காணியும். பழியைச் சயாம்காரன்மேல் போட்டால் இதைப் பேச வேண்டியதில்லை அல்லவா?

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. பேர்ல் ஹார்பருக்குப் பிறகுதான் மலாயா தாக்கப்பட்டது என்பது தவறு. கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகே ஹவாயில் குண்டு விழுந்தது. ரயில் பாதையில் செத்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே என்பது அதைப் பற்றி 1957-இல் வந்த சினிமா கொடுத்த புத்தி. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அது பெருங்கொடுமை. ஆசியத் தொழிலாளர் சாவு அதைப்போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போருக்குப் பிறகு சயாமை எல்லோரும் சும்மா விட்டுவிட்டார்கள் என்பதும் பாதிதான் உண்மை. வாஷிங்டனில் இருந்த தூதர் சேனி பிரமோஜ் போர் அறிவிப்பைக் கொடுக்க மறுத்ததால் அமெரிக்கா அதைப் பகை நாடாக நடத்தவில்லை. பிரிட்டனோ 1946-இல் 15 லட்சம் டன் அரிசியை ஈடாகக் கேட்டது.

அந்த அரிசியில் ஒரு படிகூட நம் லயங்களில் தாலி அறுத்தவர்களின் கணக்கில் கேட்கப்பட்டதல்ல. அவர்களுடைய கணக்கை நாம்தான் எழுத வேண்டும். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. ஆபீஸ் இடிக்கப்படும்போது செக்ரோல்களும் குப்பைக்குப் போகின்றன. பத்தாங் பெர்ஜுந்தையிலோ ஜெராமிலோ எந்தத் தோட்டத்தில் பழைய செக்ரோல் கிடந்தாலும் எரிக்க விடாதீர்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள். உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவரின் பெயர், தோட்டம், போன மாதம், கூடப் போனவர்கள், திரும்பி வந்தாரா இல்லையா என்பதை இந்த வாரமே பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.