எந்தப் படியில் நிற்கிறது பக்கம்?

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் ஸ்தாபனம் எழுபதுகளின் இறுதியில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் கிராமங்களை ஒட்டி 332 ஏக்கரில் உருவாக்கிய எலெக்ட்ரானிக் சிட்டியில், இன்று இன்போசிஸ், விப்ரோ முதலிய பெரிய கம்பெனிகளின் வாசல்களைச் சுற்றி, அங்கே வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளை நம்பி எத்தனையோ மெஸ்களும் பி.ஜி. விடுதிகளும் நடக்கின்றன. வெப்சைட் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டு இவ்வூரில் வசிக்கும் நான், தேடலில் முன்னே வரச் செய்யும் எஸ்.இ.ஓ. என்ற பெயரால் அடுக்கப்படும் கலைச்சொற்களுக்கு அஞ்சியே இவற்றை நடத்துபவர்களில் பலர் பணத்தைக் கொட்டுவதை வருத்தத்தோடு பார்த்து வருகிறேன்.

அச்சொற்களை மனப்பாடம் செய்வதால் பிரயோஜனமில்லை. ஒரு பக்கம் தேடலில் வருவதற்கு முன் கடக்க வேண்டிய மூன்று படிகளில் எதைச் சேர்ந்தது இந்தச் சொல் என்று கேட்கப் பழகினால் போதும் என்பதே என் அநுபவம். கூகுளின் பாட் என்னும் தானியங்கி நிரல் வந்து பக்கத்தைப் படிப்பது கிராலிங். படித்ததைத் தன் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்வது இன்டெக்சிங். ஒருவர் தேடும்போது சேர்த்தவற்றுள் எதை முன்னே வைப்பது என்று தீர்மானிப்பது ரேங்கிங். பக்கங்களின் பட்டியலான சைட்மேப் முதற்படியைச் சேர்ந்தது. பக்கத்தைக் களஞ்சியத்தில் சேர்க்காதே என்னும் நோஇன்டெக்ஸ் கட்டளை இரண்டாம் படி. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் பேஜ்ரேங்க் முறையை விளக்கிய காலந்தொட்டுப் பெரிதாகப் பேசப்படும் பேக்லிங்க், அதாவது பிற சைட்கள் நமக்குத் தரும் லிங்க், பிரதானமாக மூன்றாம் படிக்குரியது.

நீலாத்ரி ரோட்டில் மெஸ் நடத்தும் சேலத்து அக்கா ஒருவர், “தம்பி, காசு கட்டி சைட் போட்டாச்சு, கூகுள்ல தேடினா நம்ம பேரே வர மாட்டேங்குது, பேக்லிங்க் வாங்கணும், மாசாமாசம் கட்டணும்கிறாங்க” என்று விசனப்பட்டார். தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல் அவருடைய சைட் முகவரியைச் சேர்த்துத் தேடினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால், செய்து கொடுத்தவர்கள் டெஸ்டிங் காலத்தில் போட்ட நோஇன்டெக்ஸ் வரி அப்படியே இருந்தது. இரண்டாம் படியில் தடைப்பட்ட பக்கத்துக்கு மூன்றாம் படியின் மருந்தை விற்க வந்திருக்கிறார்கள்! அந்த வரியை எடுத்துவிட்டு, சைட் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் இன்டெக்ஸ் செய்யும்படி விண்ணப்பித்தோம். சில தினங்களில் மெஸ் தேடலில் வந்தது.

படித்தவர்களும் தடுமாறும் விஷயம் ஒன்றுண்டு. எந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடாது என்று சைட்டில் எழுதிவைக்கும் ரோபோட்ஸ் கோப்பு பாட்டை வாசலிலேயே நிறுத்துகிறது. நோஇன்டெக்ஸோ உள்ளே வந்து படித்தால்தான் தெரியும் கட்டளை. ஆகவே ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க விரும்பி இரண்டையும் ஒருசேரப் போட்டால், பாட் கட்டளையைப் படிக்காமலே திரும்பிவிட, வேறு சைட்களின் லிங்க்குகளைக் கொண்டு அந்த முகவரி தேடலில் வந்துகொண்டே இருக்கவும் கூடும். நீக்க வேண்டிய பக்கத்துக்கு வாசலைத் திறந்தே வைக்க வேண்டும்.

அக்காவின் சைட்டில் மெனு முழுவதும் ஒரே படமாக இருந்ததை, பாட் எளிதில் படிக்கும்படி எழுத்தாக மாற்றினோம். பக்கத்தின் சோர்ஸில் தேடற்சொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்டுக்கு அவரிடம் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டாமென்றேன். ரேங்கிங்குக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுளே 2009-இல் அறிவித்துவிட்டது. அக்கம்பக்கத்துத் தேடலில் பொருத்தம், தூரம், பிரசித்தி ஆகியவற்றையே கூகுள் பார்ப்பதால், மெஸ்ஸுக்கு அவசியமானது கூகுளின் பிசினஸ் புரொஃபைலில் சரியான முகவரியும் நேரமும்தான்.

இனி யாரேனும் புதுச் சொல்லோடு வந்து பணம் கேட்டால், உங்கள் பக்கம் எந்தப் படியில் நிற்கிறது என்று சர்ச் கன்சோலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. விளம்பரமல்லாத முடிவுகளில் முன்னே வைக்க கூகுள் யாரிடமும் காசு வாங்குவதும் இல்லை.